நேற்றுவரை இருபது வயது: அஸ்னவூர் பாட்டும் அப்பா கேட்ட கேள்வியும்

ரோஸ்ஹில் டீச்சர், மொரீஷியஸ்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். கேள்வி அப்பாவுடையது.

அப்பாவுக்கு 87 வயது. போர்ட் லூயி துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்கியவர். 1980-இல் சர்க்கரையை மூட்டை கட்டாமல் அப்படியே கப்பலில் கொட்டுகிற முனையம் வந்ததும் அவருக்கு வேலை போனது. அப்போது 42 வயது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் ரேடியோ அவருக்கு நெருக்கமானது. ஆர்மீனிய வம்சத்துப் பிரெஞ்சுப் பாடகர் ஷார்ல் அஸ்னவூர் பாட்டு வந்துவிட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். அதிலும் 'இயேர் ஆங்கோர்' என்றால் நாங்கள் யாரும் பேசக்கூடாது. நேற்றுவரை எனக்கு இருபது வயது என்று தொடங்குமே, அந்தப் பாட்டு.

இப்போது அப்பாவுக்கு ஞாபகம் குறைந்துகொண்டு வருகிறது. பேரன் பெயர் வராத நாளிலும் அந்தப் பாட்டு முழுசாக வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கிரியோலில் கேட்டார்: "நம்ம தமிழில் இந்த மாதிரி ஒரு பாட்டு இருக்கா?"

அப்பாவுக்குத் தமிழ் என்றால் காவடிக்குப் பாடுகிற முருகன் பாட்டுதான். பொருள் தெரியாது, ஆனால் ஒரு சொல்கூடப் பிசகாது. நான் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சினிமாப் பாட்டு நாலைந்து நினைவுக்கு வந்தது, எதுவும் பொருந்தவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அஸ்னவூரை ஏன் இவ்வளவு பிடிக்கும் என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். குரலையோ இசையையோ அவர் சொல்லவில்லை. "அந்த ஆள் தன் சனத்தை மறக்கவில்லை" என்றார். இளமை போனதே என்று வருந்துகிற பாட்டும் முன்னோரை விடாத மனசும் ஒரே இடத்திலிருந்து வருகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய இசைத்தட்டு, கியூர்பிப்

டீச்சர், உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அது 1964-இல் வந்தது. அஸ்னவூர் 1924 மே 22-இல் பாரிஸில் பிறந்தவர், அதாவது நாற்பதாவது வயதில் பாடியது. கிழவர் பாடிய பாட்டு என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 94 வயது வரை மேடையில் நின்று அதையே பாடியதால் பாட்டு அவரோடு சேர்ந்து மூப்படைந்துவிட்டது. 2018 செப்டம்பரில் ஜப்பானில் கடைசிக் கச்சேரி, அக்டோபர் 1-இல் காலமானார்.

எனக்கு அந்தப் பாட்டில் பிடித்தது வருத்தம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது. இளமையில் எல்லாவற்றையும் எதிர்காலத்தில் வைத்தே பேசினேன், எந்தப் பேச்சையும் 'நான்' என்றே தொடங்கினேன் என்கிறார். தன்னையே கூண்டில் நிறுத்திச் சொல்கிற வாக்குமூலம் அது. தமிழில் யோசித்துப் பாருங்கள். 'செய்வேன்' என்று ஒரே சொல்லில் அந்த 'நான்' ஒளிந்திருக்கிறது, எதிர்காலமும் சேர்ந்தே இருக்கிறது. நாற்பது வயது வரை 'செய்வேன்' 'போவேன்' என்றே இருந்தவனின் பாட்டு.

அப்புறம் ஓசை. வயதைக் குறிக்கும் 'ஆன்', காலத்தைக் குறிக்கும் 'தான்', இரண்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கும். பிரெஞ்சு தெரியாதவர்கூட அந்த மூக்கொலியை விட்டுவிட்டு அடிக்கிற கோயில் மணி மாதிரி உணர்வார்.

குரலைப் பற்றி அப்பா பேசாததில் ஆச்சரியமில்லை. ஆரம்ப காலத்தில் அந்தக் கரகரத்த குரலை விமர்சகர்கள் கிழித்தெறிந்தார்கள். ஆளும் குள்ளம். பாடகி எதீத் பியாஃபோடு பல வருடம் கூடவே இருந்து கார் ஓட்டி, எடுபிடி வேலை செய்து, பாட்டு எழுதிக்கொடுத்து, 1960-இல் அல்ஹாம்பரா மேடையில்தான் பாரிஸ் அவரை ஏற்றுக்கொண்டது. அப்போது வயது 36. வேலை போன 42 வயது மனிதருக்கு அந்தக் கரகரப்பு ஏன் பிடித்தது என்று எனக்குப் புரிகிறது.

மலையடிவாரம், கத்ர் போர்ன்

எல்லாரும் உணர்ச்சிவசப்படுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டையும் கலக்காதீர்கள்.

இளமையைப் பற்றி அவர் 1950-களிலேயே எழுதிவிட்டார். 'சா ஜெனெஸ்' என்ற பாட்டு, இருபது வயது கையில் இருக்கும்போதே அதைத் திகட்டத் திகட்டக் குடித்துவிடு, நிற்காது என்று சொல்வது. அப்போது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. அந்த வயதில் ஒருவர் இளமை போய்விட்டது என்று அழுவாரா? அது தேர்ந்த கவிஞர் எடுத்துக்கொண்ட பாடுபொருள். காதல், வறுமை, தனிமை போல இதுவும் ஒன்று. ஆர்மீனியா வேறு விஷயம். அவர் பாடியவற்றில் ஆர்மீனியாவைப் பற்றியவை மிகச் சில. மற்றதெல்லாம் பாரிஸ் வாழ்க்கை. ஒரு பெரிய கலைஞரின் ஆயிரம் பாட்டையும் அவர் ரத்தத்தை வைத்து விளக்கினால் கலையைச் சின்னதாக்கிவிடுவோம். நம்மையும் சிலர் இப்படித்தான் பார்க்கிறார்கள். நான் நல்ல கணக்கு வாத்தியார் என்றால் அது என் உழைப்பு. 'தமிழன், அதனால்தான்' என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது.

சாந்தெனி மல்பார், ரீயூனியன்

மலையடிவாரம் அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

அவருடைய முழுப்பெயர் ஷானூர் வாகினாக் அஸ்னவூரியான். ஷானூர் என்ற பெயர் பாரிஸில் யார் வாயிலும் நுழையாமல் ஷார்ல் ஆனது. அப்பா ஜார்ஜியாவின் அகால்த்சிகே பக்கத்து ஆர்மீனியர், அம்மா துருக்கியின் அடபஸாரிலிருந்து வந்தவர், துருக்கியில் 1915-இல் நடந்த ஆர்மீனிய இனப்படுகொலையில் சொந்தங்களைப் பறிகொடுத்த குடும்பம். அமெரிக்கா போக விசாவுக்குக் காத்திருந்த இடம்தான் பாரிஸ். அந்தக் காத்திருப்பில் பிறந்த பிள்ளை இவர். இங்கே ரீயூனியனில், கரும்புக்கு ஆள் பிடித்துக் கப்பலேற்றி ஐந்து வருட ஒப்பந்தம் என்றார்கள். முடிந்ததும் திரும்பலாம் என்று காத்திருந்தவர்களின் பிள்ளைகள்தான் நாங்கள். பெயரை எழுதினவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எங்கள் குடும்பப் பெயர். 'சாமி' என்று முடிகிற பெயரில் ஒரு 'எஸ்' கூடியிருக்கும், 'பிள்ளை' 'புல்லே' ஆகியிருக்கும். எங்கள் ஊர் நாடக இரவில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரை 'வர்த்தியால்' என்கிறோம். பாரதக் கதையை விடிய விடியத் தமிழில் பாடுவார், கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சொல் புரியாது, ஆனாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். உங்கள் அப்பாவின் காவடிப் பாட்டு மாதிரிதான், டீச்சர்.

அந்த வீட்டைப் பற்றி இன்னொன்று. போர்க்காலத்தில் அஸ்னவூர் குடும்பம் யூதர்களைத் தங்கள் சின்ன வீட்டில் ஒளித்துவைத்தது. நாஜிகளை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்புப் படையின் மிசாக் மனூஷியானுக்கும் மனைவி மெலினேவுக்கும் அந்த வீடு அடைக்கலம். மனூஷியானும் ஆர்மீனிய அகதி, கவிஞர். 1944 பிப்ரவரி 21-இல் ஜெர்மானியர் சுட்டுக்கொன்றார்கள். சரியாக 80 வருடம் கழித்து 2024-இல், பிரான்ஸ் தன் பெருமக்களை அடக்கம் செய்கிற பாந்தியோனில் அவரையும் மெலினேவையும் வைத்தபோது நாங்கள் குடும்பமாகத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அஸ்னவூர் அதைப் பார்க்க இல்லையே என்று என் அக்கா சொன்னாள்.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர் எழுதுகிற பாரிஸ் பாட்டில் அந்த வீடு இல்லாமல் போகுமா?

மலையடிவாரம், கத்ர் போர்ன்

தம்பி, நீங்கள் சொன்ன பெயரையே எடுத்துக்கொள்வோம். 'யான்' என்பதுதான் ஆர்மீனியப் பெயரின் அடையாளம், இன்னார் வம்சம் என்று சொல்கிற விகுதி. மேடைக்காக அவரே அதை வெட்டினார். 1988-இல் ஆர்மீனியாவில் நிலநடுக்கம் வந்த பிறகுதான் அந்த நாடு அவரிடம் வெளிப்படையாக வந்தது. அப்போது அவருக்கு 64 வயது.

சாந்தெனி மல்பார், ரீயூனியன்

இல்லை அண்ணா, இதைத் திருத்தியே ஆகவேண்டும். 1915 நடந்து 60 ஆண்டு ஆனபோது, 1975-இல், 'இல் சோன் தோம்பே' பாடினார். ஏன் சாகிறோம் என்றே தெரியாமல் விழுந்தவர்கள் என்று செத்தவர்களைப் பற்றிய பாட்டு. அக்கா கணவர் ழோர்ழ் கர்வாரென்த்ஸ் இசை. உலகத்தில் பாதி நாடு அந்தப் படுகொலையைப் பேசவே தயங்கிய காலம். நிலநடுக்கத்துக்கு 13 வருடம் முன்னால்.

நிலநடுக்கம் 1988 டிசம்பர் 7. ஸ்பிதாக் நகரமே தரைமட்டம், 25,000 பேர் செத்தார்கள். அடுத்த வருடம் எண்பதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுக் கலைஞர்களை ஒரே இடத்தில் கூட்டி 'பூர் துவா ஆர்மேனி' (உனக்காக, ஆர்மீனியா) என்ற பாட்டைப் பதிவு செய்தார். படம் பிடித்தவர் ஆன்றி வெர்னூய். அவரும் பெயர் மாற்றிக்கொண்ட ஆர்மீனியர், அஷோத் மலாக்கியான். பெயரை வெட்டிக்கொண்ட இரண்டு பேர் தங்கள் சனத்துக்காகச் சேர்ந்து நின்றார்கள். வெட்டியது பெயரை மட்டும்தான் என்று நான் அதை வைத்தே சொல்வேன்.

2008-இல் ஆர்மீனியக் குடியுரிமை, 2009-இல் சுவிட்சர்லாந்தில் ஆர்மீனியத் தூதர். எண்பது வயதுக்கு மேல் யாருக்கு இந்தச் சுமை வேண்டும்? நூறு சதவீதம் பிரெஞ்சுக்காரன், நூறு சதவீதம் ஆர்மீனியன் என்று சொல்லிக்கொண்டவர். பாதி பாதி என்று சொல்லவில்லை பாருங்கள், எனக்கு அதுதான் முக்கியம். இந்த ஊரில் மல்பார், அதாவது தமிழ் வம்சத்தவன், என்று வளர்ந்த எனக்கு அந்தக் கணக்கு புரிகிறது.

மலையடிவாரம், கத்ர் போர்ன்

1975 பாட்டு எனக்குத் தெரியாது. தேடிக் கேட்டேன். நன்றி தம்பி. அந்த இடத்தில் நான் சொன்னது தப்பு.

டர்பன் குரல், தென்னாப்பிரிக்கா

இடையில் ஒரு சின்னத் தகவல். நாங்கள் இந்தப் பாட்டை ஆங்கிலத்தில்தான் அறிவோம். 1969-இல் ராய் கிளார்க் பாடியது. ஆங்கிலச் சொற்களை எழுதிய ஹெர்பர்ட் கிரெட்ஸ்மர் எங்கள் நாட்டில் பிறந்தவர். என் பெரியப்பா சனிக்கிழமை இரவுகளில் அதைப் பாடுவார். அது பிரெஞ்சுப் பாட்டு என்பதே எனக்கு இந்த இழையில்தான் தெரிந்தது.

மோக்கா மாணவி, மொரீஷியஸ்

டீச்சர், அப்பா கேட்ட பாட்டு தமிழில் இருக்கிறது. 2,000 வருடமாக இருக்கிறது.

புறநானூறு 243. பாடியவர் யார் என்றே தெரியாது. பாட்டில் வருகிற ஊன்றுகோலை வைத்துத் 'தொடித்தலை விழுத்தண்டினார்' என்று பெயர் கொடுத்துவிட்டார்கள், பூண் போட்ட தடியை ஊன்றியவர் என்று. சின்ன வயதில் பெண்பிள்ளைகளோடு மணலில் பாவை செய்து விளையாடியது, கைகோத்து ஆடியது, கபடம் இல்லாத கூட்டாளிகளோடு ஆற்றங்கரை மருத மரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறியது, கரையில் நிற்பவர்கள் வாய்பிளக்க, தண்ணீர் நாலாபக்கமும் தெறிக்க, ஆழமான மடுவில் துடுமென்று குதித்து அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தது, எல்லாம் வரிசையாக வரும். கடைசியில், தடியை ஊன்றி, உடம்பு நடுங்கி, இருமலுக்கு நடுவே இரண்டொரு சொல் பேசுகிற கிழவனாகிவிட்ட எனக்கு அந்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்று கேட்கிறார். அஸ்னவூர் பாட்டும் என் இருபது வயது எங்கே என்றுதான் முடிகிறது. இரண்டும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறதைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

அந்த இளமைக்கு அவர் வைத்த பெயர் 'கல்லா இளமை'. எதையும் கற்காத இளமை. ஆயா உயிரோடு இருந்தபோது தமிழில் பேசுவார், நான் பதிலைக் கிரியோலில் சொல்லிவிட்டு ஓடுவேன். இப்போது அதே தமிழைப் பட்டப்படிப்பாகப் படிக்கிறேன். அந்த இரண்டு சொல்லைத் தாண்டி அன்றைக்கு என்னால் வாசிக்க முடியவில்லை.

பழைய இசைத்தட்டு, கியூர்பிப்

தங்கச்சி, இதை நான் படித்ததே இல்லை. இரவு பத்து மணிக்குப் படித்துவிட்டு மறுபடி பாட்டைப் போட்டுக் கேட்டேன்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அது சின்னது கிடையாது. தடி ஊன்றிய அந்தக் கிழவர் தன்னைக் குறை சொல்லவே இல்லை. அவர் இளமையை ஒழுங்காக அனுபவித்தார், குதித்தார், மணல் எடுத்தார். போய்விட்டதே என்ற இரக்கம்தான் இருக்கிறது. அஸ்னவூர் அப்படி இல்லை. காலத்தைப் பிடிக்கிறேன் என்று ஓடி மூச்சு வாங்கி வீணடித்தேன், என்னைச் சுற்றி இருந்தவர்களை நானே போக்கடித்தேன் என்கிறார். அது குற்ற உணர்ச்சி. நீங்கள் ஆயாவைப் பற்றிச் சொன்னது இந்த இரண்டாவது வகை.

புறநானூற்றுக்குப் பக்கத்தில் நிற்கிற அஸ்னவூர் பாட்டு 1965-இல் வந்த 'லா போயெம்'. சொற்கள் ழாக் பிளாந்த் எழுதியது, மெட்டு இவருடையது. பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் பசியோடு கிடந்த ஓவியன் பல வருடம் கழித்துப் பழைய வீட்டைத் தேடிப் போகிறான். சுவரும் தெருவும் அடையாளம் தெரியவில்லை. மேடையில் அதைப் பாடும்போது கையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை வைத்திருப்பார், ஓவியன் தூரிகை துடைக்கிற துணி மாதிரி. விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே பாடி, கடைசியில் அதை விட்டெறிந்துவிடுவார். கூட்டம் அதற்கு அடித்துக்கொள்ளும். இளமை மட்டும் போகவில்லை, ஊரும் போய்விட்டது என்கிற பாட்டு அது.

டீச்சர் கேட்டதற்கு என் பதில் அதில்தான் இருக்கிறது. பெற்றோர் விட்டுவந்த ஊரைப் பார்க்காமலே இழந்த பிள்ளை, தான் பார்த்த ஊரை இழந்தவனைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் பாடுகிறார்.

ஏழு கறி, போ பாசேன்

நான் அதிகம் எழுதுகிறவன் கிடையாது. இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன இல்லையா, அங்கே என் கொள்ளுத்தாத்தாவின் பதிவை எடுத்தேன். எண், கப்பல், வயது, அப்பா பெயர், ஜில்லா, கிராமம். கூடவே ஒரு போட்டோ. சட்டை இல்லாமல், கேமராவை நேராகப் பார்க்கிற இருபது வயதுப் பையன். என் மூத்த மகன் மாதிரியே நெற்றி. அந்தத் தாளை மடிக்காமல் அட்டைக்குள் வைத்துக்கொண்டு தமிழ்நாடு போனேன். வடாற்காடு ஜில்லா என்று இருந்தது. அந்த ஜில்லாவே இப்போது பல மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. கிராமத்தின் பெயர் எழுதியிருந்த விதத்தை ஒரு டீக்கடையில் காட்டினேன். பெஞ்சில் இருந்த பெரியவர் வாங்கி, உதட்டை அசைத்து நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தார். "இந்தப் பேர்ல மூணு ஊரு இருக்குப்பா, இது எந்த ஊருன்னு எப்படிச் சொல்றது" என்றார். அப்புறம் டீக்குக் காசு வாங்கவிடவில்லை. மூன்று ஊருக்கும் போனேன். மூன்றிலும் அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றினேன்.

தாளில் இருந்த அந்தப் பையனின் இருபது வயதுதான் எனக்கு 'இயேர் ஆங்கோர்' கேட்கும்போதெல்லாம் இப்போது வருகிறது. அவன் அதை வீணடிக்கவில்லை. கரும்புக்காட்டில் கொடுத்துவிட்டான்.

மலையடிவாரம், கத்ர் போர்ன்

ஏழு கறி அண்ணன் எழுதியதை மூன்று முறை படித்தேன்.

கலையை ரத்தத்தை வைத்து அளக்கக்கூடாது என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் அப்பாவின் சொல்லை நான் சரியாகக் கவனிக்கவில்லை. 'தன் சனத்தை மறக்கவில்லை' என்றுதான் சொன்னார். மறக்காமல் இருப்பது ரத்தத்தில் தானாக வராது. அதுவும் உழைப்புதான். அஸ்னவூர் 94 வயது வரை அதைச் செய்தார். பாட்டு எழுதியது போலவே அதையும் திரும்பத் திரும்ப உட்கார்ந்து செய்தார். இப்படி வைத்தால் எனக்குச் சண்டை இல்லை.

அவருடைய இறுதி மரியாதை 2018 அக்டோபர் 5-இல் பாரிஸ் அன்வாலீதில் நடந்தது. துதுக் வாசித்தார்கள். சர்க்கரைப் பாதாமி (ஆப்ரிகாட்) மரத்தில் செய்கிற ஆர்மீனியக் குழல் அது. பிரெஞ்சுக் கொடி போர்த்திய பெட்டிக்கு முன்னால் அந்த ஓசை. அதைத் திரும்பப் பார்த்தேன், இந்த இழைக்காகத்தான்.

ரோஸ்ஹில் டீச்சர், மொரீஷியஸ்

எல்லாருக்கும் நன்றி. மோக்கா மாணவிக்குத் தனியாக. இன்று மாலை அப்பாவிடம் போனேன்.

முதலில் அவருடைய பாட்டைப் போட்டேன். பிறகு புறநானூற்றுப் பாட்டை முதலில் தமிழில் மெதுவாக வாசித்தேன். சொல் புரியாவிட்டாலும், முருகன் பாட்டுக்குத் தலையாட்டுவது போல ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு வரி வரியாகக் கிரியோலில் சொன்னேன். மணல் பாவை வந்தபோது சும்மா இருந்தார். மரம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "என்ன மரம்?" என்றார். மருத மரம் அப்பா என்றேன். "எங்களுக்கு ஜாம்ப்லோன்" என்றார். நாவல் மரம். கிராந்த் ரிவியேரில், பாலத்துக்கு மேலே, தண்ணீர் தேங்குகிற இடத்தில் சாய்ந்து நின்ற மரமாம். என்னிடம் இந்த ஆற்றைப் பற்றி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. யார் யார் குதிப்பார்கள் என்று ஐந்து பெயர் சொன்னார். ஒரு பெயரும் தடுமாறவில்லை. மேலே வந்ததும், அடிவரை போனதை யாரும் நம்பமாட்டார்களாம். கீழே இருந்து எதையாவது எடுத்து வந்து காட்டவேண்டும்.

அந்த வரியை மட்டும் மறுபடி தமிழில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். போர்வைக்கு மேலே இருந்த கையை மூடி, என் பக்கம் நீட்டி, மெதுவாகத் திறந்து காட்டினார்.